நான்காவதாக வந்தவரின் பெயர்

முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து முரசுமோட்டைக்கு வந்த புதிதில், என்னை அங்கே ஒருவருக்கும் தெரியாது. அங்கே நடக்கும் மரதன் ஓட்டத்தில் முதல் மூன்று பேரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்காகவே ஓடினேன். மணலில் ஓடிப் பழகிய பாதங்கள் கிரவல் கல் வீதியில் கொப்பளித்துவிட்டன. நான்காவதாகத்தான் வந்தேன்.

ஒலிபெருக்கிக்காரரிடம், "என்ரை பேர் சொல்ல மாட்டீங்களோ அண்ணை?" என்று கேட்டேன்.

"மூண்டு பேருக்குத்தான் தம்பி. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

தனியாக, தங்கியிருந்த ஓலைக் கொட்டிலுக்குத் திரும்பினேன். தோற்றுவிட்டேன் என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை.

இப்போதெல்லாம் எந்த ஓட்டப்போட்டிக்குப் போனாலும், மூன்றாமவர் வந்த பிறகும் தண்ணீர்ப் போத்தலோடு நிற்கிறேன். நான்காவதாக வருபவரிடம் அதை நீட்டிப் பெயரைக் கேட்பேன். மூச்சு வாங்கினாலும், குடிக்குமுன் பெயரைத்தான் சொல்கிறார்கள்.