பிலோமினாவின் மத்தியானத் தூக்கம்

என் மருமகளும் ஆசிரியைதான். போன வாரம் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் குக்கர் விசில் வேறு. "போன்ல யாரும்மா?" என்று கேட்டேன். "ரிட்ரீட் மாமா, கிறிஸ்டியன் டீச்சர்ஸ்க்கு. இப்பல்லாம் ஆன்லைன்லயே வெச்சிடறாங்க" என்றாள். பாவமாக இருந்தது. அடுத்த நொடியே, எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய ஒரு பொறாமை நேற்று வந்ததுபோல வயிற்றில் எரிந்தது.

அப்போது நாங்கள் சிதம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் உரக்கடையில் வேலை பார்த்தேன். என் மனைவி பிலோமினா மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வருஷா வருஷம் காலாண்டு லீவில் ஆசிரியைகளைக் கடலூருக்கு, கடலோரத்துத் தியான இல்லத்துக்கு, ரிட்ரீட் என்று அழைத்துப்போவார்கள். மூன்று நாள். பிரசங்கம், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், ஜெபம், மௌனம்.

எரிந்து விழுகிறவளாகப் போவாள், வேறொருத்தியாகத் திரும்பி வருவாள். முகம், கழுவிய சிலேட்டு மாதிரி இருக்கும். பையன் பாலைக் கொட்டினால்கூட, "பரவால்லடா கண்ணு" என்பாள். ஒரு வாரத்தில் பள்ளிக்கூடமும் நானும் சேர்ந்து அவளைப் பழையபடி ஆக்கிவிடுவோம், அது வேறு விஷயம். கட்டிய புருஷன் நான். என்னால் ஒரு நாளும் அந்த முகத்தைக் கொண்டுவர முடிந்ததில்லை. அங்கே அப்படி என்னதான் கொடுக்கிறார்கள் என்று மனசு அரிக்கும். பூசை முடிகிற நேரத்துக்குக் கோயிலுக்குப் போய்ச் சேருகிற ஆள், ஆண்டவரிடமே போட்டிக்கு நின்றேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

ஒரு வருஷம் பொறுக்க முடியவில்லை. கடைசி நாள் சாயங்காலம் அழைத்துவரப் போக வேண்டியவன், பையனைப் புவனகிரியில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, மத்தியானமே டிவிஎஸ் ஃபிப்டியில் போய் நின்றேன். கேட்டில் ஒரு சிஸ்டர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். மௌன நேரமாம். சவுக்கு மரத்தடியில் பாய் போட்டு ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஒரு காலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் பிலோமினா! கல்யாணமான நாளிலிருந்து அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

"எழுப்பாதீங்க சார், தூங்கட்டும்" என்று சிஸ்டர் கிசுகிசுத்தார்.

மணலில் உட்கார்ந்து காத்திருந்தேன். அந்தப் பாயின் மேல்கூட எனக்குப் பொறாமை.

திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டியதும் கேட்டுவிட்டேன். "ஜெபம் பண்ணப் போனவ தூங்கிக்கிட்டிருந்தியே?"

"புள்ளைங்க மேல கோவம் கோவமா வருது ஃபாதர்னு பாவசங்கீர்த்தனத்துல அழுதுட்டேங்க. கடைசியா எப்பம்மா நல்லாத் தூங்குனேன்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல. உனக்குப் பரிகாரம் ஜெபம் இல்ல, போய் மத்தியானம் பூராத் தூங்குன்னுட்டாரு."

சுருக்கென்றது. கூடவே குடியிருக்கிற எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லையே! அந்த ஃபாதர் மேல் வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. அடுத்த சனிக்கிழமையே பையனை அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். நானே சோறு பொங்கினேன். பாயை விரித்து, "படு, தூங்கு" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பேப்பரால் விசிறினேன். கண்ணை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"இன்னாங்க, இப்படி வெறிச்சிப் பாத்துக்கிட்டே இருந்தா தூக்கம் எங்கருந்து வரும்?" என்று எழுந்துபோய்த் துணியை ஊறவைத்தாள்.

தியான இல்லம் இப்போது இல்லை. இடம் கைமாறி, சவுக்கையெல்லாம் வெட்டி, ரிசார்ட் கட்டிவிட்டார்கள். பிலோமினாவும் ஓய்வுபெற்றுவிட்டாள். தினமும் மத்தியானம் டிவி முன்னால் நாற்காலியிலேயே தூங்கிப்போகிறாள். ஆனால் தூக்கத்திலும் புருவம் சுருங்கியே இருக்கிறது. திடுக்கென்று விழித்து, "பெல் அடிச்சிட்டாங்களா?" என்கிறாள். அந்தப் பழைய முகத்தை நான் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. அது இன்னொரு தடவை கிடைக்குமென்றால், நானே பையைத் தூக்கிப்போய் பஸ் ஏற்றிவிட்டு வந்து, மூன்று நாளும் வீட்டில் வயிறெரிந்து கிடப்பேன்.