பின் சீட்டில் பொன்மலர்

மனைவி பொன்மலர் வேண்டாமென்று எவ்வளவோ சொல்லியும், ஆம்பூர்த் தோல் கம்பெனி சூப்பர்வைசர் டைட்டஸ், அந்தக் காலத்துக் கார் மாதிரி உருண்டை விளக்கு வைத்த குட்டிக் காரை வாங்கினார். கதவு இரண்டுதான். ஞாயிறன்று புதுக் காருக்கு ஜெபம் பண்ண சர்ச்சுக்கு ஓட்டி வந்தார். முதல் சவாரி போதகருக்கு என்பதால் முன் சீட்டைக் காலியாக விட்டு, மனைவியைப் பின்னால் உட்கார வைத்திருந்தார்.

"இன்னா டைட்டஸண்ணே, மீதிக் கார் எப்ப வரும்?" என்றான் அன்பரசன். பாடகர் குழுவே சிரித்தது.

டைட்டஸுக்குக் காது சுட்டது. "எனக்கெங்கப்பா ஆசை? எங்க வீட்லதான் அடம்புடிச்சா."

கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. முன் சீட்டை அவரே மடக்கினால்தான் பொன்மலர் இறங்க முடியும். குனிந்த தலையோடு மடக்கினார்.

சேலை கசங்க இறங்கியவள், "ஆமா தம்பி, நான்தான் கேட்டேன்" என்றாள்.

போதகர் ஜெபித்தார். கண்ணை மூடியும் டைட்டஸுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.