வலிக்காமல் அறுத்த கோழி

ஆம்பூர் பைபாஸுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. பின்னால் கொஞ்சம் காலி இடம் இருந்ததால் நாட்டுக்கோழி வளர்த்தேன். ஏழெட்டுப் பெட்டைகள், ஒரு சேவல். தீனி போடுவது நான். விருந்தாளி வந்தால் கோழியைக் கறிக்கடைக்குத் தூக்கிப்போய் அறுத்து வாங்கி வருவது என் வீட்டுக்காரர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஆட்டோ சவாரி வந்துவிட்டது. நான் கொண்டுபோனேன். கடைக்காரர் கழுத்தை ஒரு இழுப்பு இழுத்து, நீல டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டு, அடுத்த ஆளுக்கு எடை போடத் திரும்பிவிட்டார். டிரம் தடதடவென்று ஆடியது. அடங்கிவிட்டது என்று மூச்சுவிட்டால் மறுபடி ஒரு அடி. என் கையிலிருந்து அரிசி பொறுக்கித் தின்ற கோழி அது. அன்றைக்குக் குழம்பு வைத்தேன், நான் சாப்பிடவில்லை.

"இனிமே நம்ம கோழிய நானே அறுக்கறேன். வலிக்காம அறுக்கறேன்" என்று மாமியாரிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். "சாவறதுக்கு இன்னாமா சொகுசு?"

போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். முதல் நாள் ராத்திரி தீனி போடக் கூடாது, தண்ணீர் மட்டும். துரத்திப் பிடிக்கக் கூடாது, இருட்டில் கூண்டிலிருந்தே எடுக்க வேண்டும். எண்ணெய் கேன் ஒன்றின் அடியை வெட்டி, வாய்ப்பக்கம் கீழே வரும்படி கம்பத்தில் கட்டினேன். அதில் கோழியைத் தலைகீழாக இறக்கினால் இறக்கை அடிக்காது, தலை மட்டும் வெளியே வரும். கத்தியைச் சாணை பிடித்து வந்தேன். முதலில் ஒரு சேவற்குஞ்சு. துண்டில் சுற்றி மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டது. கேனில் இறக்கி, ஒரே இழுப்பு. காலை ரெண்டு தரம் உதறியது, அவ்வளவுதான். மாமியார் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றார். எனக்குள் ஒரு பெருமை வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

போன வருஷம் என் நாத்தனார் அரக்கோணத்திலிருந்து வருவதாகப் போன் செய்தார். எந்தக் கோழி என்று யோசித்தபோது கழுத்தில் மயிரில்லாத செவலைப் பெட்டை ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாக அது கூடையில் முட்டை போடவே இல்லை. நான் காலையில் வேலைக்குப் போகிற ஷூ கம்பெனி வேனில் ஏறினால் இருட்டின பிறகுதான் வீடு. பகலில் அது எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது.

"அது முட்ட நின்னுபோச்சு அத்த. அதையே அறுத்துடலாம்."

"நின்னுபோச்சோ, எங்கனா மறைவுல போடுதோ. ஒரு நாளு பின்னாடியே போய்ப் பாரேன். எனுக்கு முட்டி வலி, முடியல."

"பாக்கறேன் அத்த" என்றேன். பார்க்கவில்லை. கம்பெனியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து கோழியின் பின்னால் யார் சுற்றுவது என்று இருந்துவிட்டேன்.

நாத்தனார் வருகிற அன்றைக்கு விடியுமுன் அதைக் கூண்டிலிருந்து எடுத்தேன். கொக்கரிக்கக்கூட இல்லை. துண்டுக்குள் என் கையிடுக்கில் தலையைச் செருகிக்கொண்டது. அதன் சூடு என் வயிற்றில் பட்டது. எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். எந்தக் கோழியும் அவ்வளவு அமைதியாகப் போனதில்லை.

மயிர் பிடுங்கி, மஞ்சள் தடவி, வாட்டி, வயிற்றைத் திறந்தேன். உள்ளே மஞ்சள் கருக்கள், மிளகளவிலிருந்து எலுமிச்சையளவு வரை, வரிசையாகக் கோத்த மாதிரி. அதற்குக் கீழே ஓடு கட்டின முழு முட்டை ஒன்று. அன்றைக்குப் போட வேண்டியது. இளஞ்சூடாக இருந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை. "நல்லா போட்டுக்கினு இருந்த கோழிமா" என்று மட்டும் சொன்னார்.

கை கழுவிவிட்டுத் தேடினேன். குளியலறைச் சுவரில் சாய்த்திருந்த பழைய தகர ஷீட்டுக்குப் பின்னால், காய்ந்த சருகுக்கு நடுவில் குழி பறித்து ஒன்பது முட்டை. ஒவ்வொன்றும் சுத்தமாக, ஒட்டினாற்போல அடுக்கி. இன்னும் ரெண்டு மூன்று போட்டிருந்தால் அடைக்கு உட்கார்ந்திருக்கும். அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். கத்தியின் கூர் பார்த்தேன், பிடிக்கிற பிடி பார்த்தேன். சாகும்போது அதற்கு வலிக்கக் கூடாது என்று அவ்வளவும் பார்த்தவள், அது சாகத்தான் வேண்டுமா என்று பார்க்க ஷீட்டுக்குப் பின்னால் நாலடி நடக்கவில்லை.

நாத்தனார் வந்து, "கறி நல்லா இருக்கு அண்ணி" என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் பரிமாறினேன்.

மறுநாள் கம்பெனியில் என் மேஜை முன்னால் போய் நின்றேன். லெதரில் குறை இருக்கிற இடத்தை வெள்ளிப் பேனாவால் வட்டம் போடுவது என் வேலை. முள் கீறின தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, கொம்பு குத்தின அடையாளம். எத்தனையோ வருஷமாக வட்டம் போடுகிறேன். அன்றைக்கு ஒரு தழும்பு, மாடு உயிரோடிருந்தபோதே நன்றாக ஆறின தழும்பு, அதன் மேல் பேனாவை வைக்க முடியவில்லை. சூப்பர்வைசர் வந்து, "இன்னாமா, உடம்பு சரியில்லையா?" என்றார். தலைவலி என்றேன்.

முட்டைகளை வீணாக்க மனசில்லை. பக்கத்து பாய் வீட்டில் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன். "தாய்க்கோழி இன்னா ஆச்சு?" என்றார். "அறுத்துட்டேன்கா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையை வாங்கிக்கொண்டார். மூணு வாரம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். நாலு பொரிந்திருந்தன. அவருக்கு ரெண்டு விட்டுவிட்டு ரெண்டைக் கொண்டுவந்தேன். ஒன்றை வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. மற்றது பெட்டை, அதே செவலை. நான் துணி துவைக்கும்போது காலடியிலேயே நிற்கிறது. சில நேரம் எரிச்சலாகக்கூட இருக்கிறது. விரட்டினாலும் போவதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மறுபடி வருகிறார். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "இன்னா பண்ணலாம்?"

"மீன் வாங்கிட்டு வாங்க" என்றேன்.

உள்ளேயிருந்து மாமியார், "மீனு மட்டும் தானாவா செத்துச்சு?" என்றார். கேலி செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. நான் புளியை ஊறவைத்தேன்.