லைனில் அவளுடைய பை

எங்கள் நயினாதீவில் எதற்கெடுத்தாலும் லைன்தான். மின்சாரம் நின்றால் லைன் போயிட்டுது. வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்க முடியாவிட்டால் லைன் கிடைக்கவில்லை. பெட்டையைப் பார்க்கச் சைக்கிளில் சுற்றுகிறவன் லைன் அடிக்கிறான். படகுக்குக் காத்திருப்பதும் லைன்.

"நீங்கள் எனக்கு ஒருநாளும் லைன் அடிக்கேல்லையே" என்று என் மனைவி முகத்தைத் திருப்புவாள். பேசிச் செய்த கலியாணத்தில் அதற்கெல்லாம் ஏது நேரம்?

அவள் செத்து இன்னும் ஆண்டுத் திவசம் வரவில்லை. கனடாவில் இருக்கும் மகன் ஞாயிறுகளில் போன் எடுப்பான். "அப்பா, லைனிலை நில்லுங்கோ, இந்தா வாறன்" என்று போய்விடுவான். பாத்திரங்கள் முட்டுவதும் பேரப்பிள்ளைகள் சண்டை பிடிப்பதும் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே போனை வைக்காமல் இருப்பேன். என் வீட்டில் வேறு சத்தம் இல்லை.

போன கிழமை யாழ்ப்பாணத்தில் கண்ணுக்கு மருந்து எடுத்துக்கொண்டு எங்கள் தீவுக்குப் படகு ஏறும் குறிகாட்டுவான் துறைக்கு வந்தேன். அங்கே லைனில் ஆட்கள் நிற்பது குறைவு, பைகள்தான் நிற்கும். பையை வைத்துவிட்டு நிழலில் போய் இருப்போம். லைன் நகரும்போது பின்னால் நிற்பவர் நம் பையையும் தூக்கி முன்னே வைப்பார். மனைவியோடு வந்த நாட்களில் எங்கள் வழக்கம், முதலில் என் பை, அதன் பின்னால் அவளுடைய பை.

அன்றும் மரக்கறிப் பையை வைத்து, அதன் பின்னால் மருந்துப் பையையும் தனியாக வைத்திருக்கிறேன். நிழலில் போய் இருந்த பிறகுதான் கண்டேன். எடுக்க எழும்பினேன். மனம் வரவில்லை, திரும்பவும் இருந்துவிட்டேன்.

என் பைகளுக்குப் பின்னால், எங்கள் தீவுக் கோயிலுக்குப் போக வந்த வெளியூர்ப் பெண் ஒருத்தி நின்றாள்.

"ஐயா, இது ஆரின்ரை பை?" என்று மருந்துப் பையைக் காட்டிக் கேட்டாள்.

"மனிசியின்ரை. அவ வாறா."

"ஓம், நான் பாக்கிறன்" என்று இரண்டு பைகளையும் பக்குவமாக நகர்த்தி வைத்தாள். பொய் சொன்னது வெட்கமாக இருந்தது. ஆனாலும் துணையோடு வந்த மனிதனாக நாலு பேர் முன்னால் இருப்பது எவ்வளவு சுகம்! தனியன் என்று எவரும் பார்ப்பதைத்தான் என்னால் தாங்க ஏலாது.

படகு வந்தது. எல்லாரும் முண்டியடித்து ஏறினார்கள். அந்தப் பெண் மட்டும் மருந்துப் பையைக் கையில் பிடித்தபடி ஏறாமல் நின்றாள்.

"நீங்கள் ஏறுங்கோ ஐயா, படகு வெளிக்கிடப் போகுது. நான் நிண்டு அம்மாவை அடுத்த படகிலை கூட்டிக்கொண்டு வாறன்."

படகுக்காரர் கத்திக்கொண்டிருந்தார். நான் பைக்குக் கையை நீட்டினேன்.

"அவ வரமாட்டா, பிள்ளை" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.