கட்டத்தாளில் ஒரு துறை

எண்பதுகளின் கடைசியில் தேம்ஸ் கரையில் ஒரு கட்டிடத் தளத்துக்குக் காவலாளியாக இருந்தேன். அத்திவாரம் தோண்டிய குழியில் ரோமர் காலத்துத் துறைமுகம் வெளிப்பட்டது. கருத்துப்போன ஓக் மரக்குற்றிகள், நேற்று அடுக்கியதுபோல வரிசையாகக் கிடந்தன. கொங்கிறீற் ஊற்றுவதற்குள் தொல்லியல்காரர்கள் முழங்காலில் நின்று ஒவ்வொரு குற்றியையும் அளந்து கட்டத்தாளில் படமாகக் கீறினார்கள்.

எப்படியும் உடைக்கத்தானே போகிறார்கள், பிறகேன் கீறுகிறீர்கள் என்று அவர்களில் ஒரு பெண்ணிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அதனால்தான்" என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. எப்போதோ செத்துப்போன ரோமருக்கு இவ்வளவு மரியாதை! எங்கள் ஊர்த் துறை போரில் குண்டுபட்டு இரண்டு வருசம்கூட ஆகவில்லை. அதை யார் கீறினார்கள்?

அவளிடமே ஒரு தாள் வாங்கிப்போய் வீட்டில் வைத்து எங்கள் துறையைக் கீறினேன். சுங்கக் கட்டிடம் வந்தது, மேடை வந்தது. கடலுக்குள் இறங்கும் படிகளில் பென்சில் நின்றுவிட்டது. லூயிஷாமில் குடியிருந்த அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, எங்கட துறையில எத்தினை படி?"

"ஒன்பது."

"விசர்க்கதை. பதினொண்டு. நான் எண்ணி எண்ணி இறங்கினனான்."

"நானும் எண்ணினனான்தான்ரா."

கொஞ்ச நேரம் சண்டை பிடித்தோம். பிறகு அண்ணை மெல்லக் கேட்டார்: "நீ எண்ணேக்க கடல் வத்தோ, பெருக்கோ? பெருக்கெண்டா கீழ்ப் படியள் தண்ணிக்குள்ள போயிடும்."

அது எனக்கு நினைவில்லை. அவருக்கும் நினைவில்லை.

அடுத்த கிழமை குழியில் கொங்கிறீற் ஊற்றினார்கள். ரோமர் துறையில் ஒரு குற்றிகூடத் தாளில் விடுபடவில்லை. என் தாளில் படிகள் இருந்த இடம் இன்றும் வெள்ளையாகவே இருக்கிறது.