கீழே சொல்லாமல் போட்ட ஜாயின்ட்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்று சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரே வீடு. மாடியில் நான், கீழே அண்ணன். பாகம் பிரித்ததிலிருந்து மூன்று வருஷமாகப் பேச்சில்லை. பிரிக்க முடியாமல் போனது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான்.

போன வாரம் என் குளியலறைக்கு பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் பைப் மாற்ற வந்த, கீழேயும் வழக்கமாக வேலை பார்க்கும் பிளம்பர் சொன்னார்:

“சார், பைப் ஜாயின்ட் மேல போடுற ரிங்கை அழுத்துற டூல் தென்னூர்ல இருக்கு. நாளைக்கு எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் தொட்டி வால்வைத் திறக்காதீங்க. கீழயும் தண்ணி வராது, சொல்லிடுங்க.”

கீழே போய்ச் சொல்வதா? நானா?

“பிளேயராலயே அழுத்துங்க.”

“ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் பிடிக்காது சார். சுவத்துக்குள்ள போற ஜாயின்ட்டு.”

“அழுத்துங்கன்னா அழுத்துங்க.”

அழுத்தினார். மேலே டைல்ஸும் ஒட்டியாயிற்று.

இன்று காலை அண்ணனே படியேறி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அம்மா போட்டோ மேல தண்ணி இறங்குது.”

“பிளம்பர் சொதப்பிட்டான்” என்றேன்.

கீழே போய் அவர் பிளம்பரை போனில் திட்டியது மாடிவரை கேட்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிளம்பர் மேல் தப்பில்லை.

பெயர் போடாமல்தான் பதிகிறேன். அண்ணனும் நம்ம ஊர்க்காரர்களின் இந்த ஆன்லைன் குழுவில் இருக்கிறார். யாரென்று புரிந்தால், கேட்க இன்னொரு முறை படியேறி வரட்டும்.