ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த கோடி

தடைகளைத் தந்தமுனையால் தள்ளி வழிவிடும் வேழமுகத்துப் பெருமான் இவ்வெழுத்துக்கு முன்னே நடக்கட்டும். நஞ்சைக் கண்டத்தில் நிறுத்தி நமக்கு நாளைத் தந்தவனும், அவன் இடப்பாகம் கொண்ட அன்னையும் என் நினைவில் பிழை நேராமல் காக்கட்டும். இன்று கார்த்திகைத் தீபத் திருநாள். வாசலில் அகல்களை ஏற்றிவிட்டு எழுத அமர்ந்திருக்கிறேன். ஆண்டுதோறும் இந்நாளில் அரக்கு நிறப் புடவை ஒன்று என் நினைவுக்கு வரும். அதனோடு பழைய கணினிப் பெட்டி ஒன்றும் வரும். இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

நாங்கள் கும்மிடிப்பூண்டியில் குடியிருந்தோம். அப்பா அங்கே இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஷிப்டு பார்த்தார். இரண்டாயிரம் பிறந்த பிறகு, நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில், எங்கள் வீட்டுக்குக் கணினி வந்தது. பஜாரில் சிறு கடை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கூட்டிக் கொடுத்த கணினி அது. அப்போது எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. ஆகையால் ரசீதில் ஊத்துக்கோட்டை மாமாவின் நெல் மண்டி எண்ணை எழுதும்படி அப்பா சொல்லிவிட்டார். மாமா என்பது என் தாயின் ஒரே உடன்பிறப்பு, மூத்தவர். அந்த எண் பின்னால் செய்த வேலையை அப்போது எவரும் அறியார்.

கணினி எங்கள் வீட்டில் ஒரு நோயாளியைப் போலவே வாழ்ந்தது. ஆலைகளில் உலை மூட்டும் நேரத்தில் தெருவெங்கும் மின்சாரம் தாழும்; விளக்கு மஞ்சளாகும்; கணினி தானாக அணைந்து தானாக உயிர்க்கும். சில நாட்களில் திரை முழுதும் நீலமாகி, வெள்ளை எழுத்துகள் நிறைந்து, அப்படியே உறைந்துவிடும். கோயில் சுவரில் ஆலகாலம் உண்ட பெருமானின் கழுத்துக்குப் பூசியிருந்த நீலமும் அதே நீலம். ஆகவே நீலத்திரை வந்தால் நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அப்பா சுவிட்சை அணைத்துப் போடுவார். இரண்டில் எது பலித்தது என்று எனக்கு ஐயம் இருந்ததில்லை.

அம்மாவுக்கு அந்தப் பெட்டியால் ஒரே ஒரு பயன்தான் இருந்தது. அவருடைய தந்தை, பதிகங்களைப் பண் வழுவாது பாடியவர், நான் பிறக்குமுன்பே சிவனடி சேர்ந்தவர். அவர் குரல் ஒரே ஒரு கேசட்டில் இருந்தது. மாமா தன் இளமையில் பதிந்தது. அதை அம்மா இரவல் வாங்கி வந்து மாலைதோறும் விளக்கேற்றும் வேளையில் போட்டுக் கேட்பார். ஒருநாள் டேப் ரிக்கார்டர் நாடாவை விழுங்கிவிட்டது. அப்பா பென்சிலால் சுற்றி, அறுந்த இடத்தை ஒட்டி, ஒரு கம்பியால் கணினியோடு இணைத்து ஒரே ஒரு முறை ஓடவிட்டார். குரல் கணினிக்குள் சென்றது. அடுத்த முறை போட்டபோது நாடா துண்டு துண்டாயிற்று.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். தரையில் கிடந்த நாடாக் குவியலைக் கண்டார். "எங்கப்பாவ ரெண்டாவது வாட்டி கொன்னுட்டீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், அதன்பின் வரவில்லை. குரல் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு வரி சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்பா பலமுறை சொன்னார். அம்மா இசையவில்லை.

"அந்த வார்த்தயச் சொன்னவரு வந்து கேக்கட்டும். நான் போய் ஊட்டு வாசல்ல நிக்க மாட்டேன்" என்பார். பிறகு கணினியைப் போடச் சொல்லித் தந்தையின் குரலைக் கேட்பார். முந்தானை நனையும்.

இவ்வாறு இரண்டு தீபாவளிகள் கழிந்தன.

அந்த ஐப்பசியில் ஒரு மாலை, மழைக்கு முன்னால் இடி இறங்கியது. எங்கள் வீட்டுக்கு அதற்குள் தொலைபேசி வந்திருந்தது. அதன் கம்பி கணினிக்கும் போயிருந்தது. சுவரோரம் ஒரு வெளிச்சம், ஒரு நாற்றம், அவ்வளவுதான். தொலைபேசி ஊமையாயிற்று. கணினியின் விசிறி மட்டும் சுழன்றது, திரையில் ஒன்றுமில்லை.

மறுநாள் பிற்பகல் மெக்கானிக் வந்தார். நல்லவர், குரல் மட்டும் பள்ளிப் பிள்ளையின் குரல்போல் மெலிந்திருக்கும். பெட்டியைத் திறந்து, நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை என் ரப்பரால் தேய்த்து, வேறு பள்ளத்தில் செருகினார். பொத்தான்போன்ற சிறு பேட்டரியை எடுத்துத் திரும்ப வைத்தார். தாம் கொண்டுவந்த வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்த்தார்.

"ரேம் போயிருந்தா கத்தும்க்கா. இது பீப்புகூட வுடல. கடைக்கு எடுத்துக்கினு போயி பாத்தாத்தான் தெரியும்."

"உள்ள இருக்கறது?" என்றார் அம்மா.

"அதுவும் பாத்தாத்தான் தெரியும்."

அம்மா அன்று மாலை விளக்கேற்றினார். பாட்டு இல்லை. தாமே பாட முயன்று, இரண்டாம் அடியில் நிறுத்திக்கொண்டார்.

இனி, பின்னாளில் பலரும் பலமுறை சொல்லக் கேட்டு நான் அறிந்தது. அன்று மாலையே மெக்கானிக் கடையில் பெட்டியைப் பிரித்துக் குறையைக் கண்டுபிடித்தார். எங்களிடம் சொல்லி இசைவு பெற எங்கள் எண்ணைச் சுழற்றினார். அவர் காதில் மணி போயிற்று; ஊமையான எங்கள் கருவி ஒலிக்காததால் எடுப்பாரில்லை. ரசீதைத் தேடி, அதிலிருந்த மண்டி எண்ணுக்குப் பேசினார். மாமா வெளியே போயிருந்தார். எடுத்தவர் மண்டியின் கணக்குப்பிள்ளை, காது சற்று மந்தமானவர். மெக்கானிக் சொன்னது இவ்வளவே:

"கும்மிடிப்பூண்டியிலிருந்து பேசறேன். மதர் போயிடுச்சிங்க. இடி உழுந்ததுல போயிடுச்சி. காலைல பத்து மணிக்கு எடுத்துடறேன். புதுசு போடணும்னா ஊட்ல கேட்டு உடனே சொல்லுங்க."

இதில் ஒரு சொல்லும் பொய்யன்று. ஆனால் எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியில் 'எடுப்பது' என்றால் எதை எடுப்பது என்று சொல்லத் தேவையில்லை. இறந்தவள்மேல் பிறந்த வீட்டார் புதுப் புடவை போர்த்துவதைக் 'கோடி போடுவது' என்போம். பேசிய குரல் என்னுடையது என்றே கணக்குப்பிள்ளை கொண்டார். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, தாயை மதர் என்றுதான் சொல்லும் என்று மாமாவுக்கு விளக்கமும் கொடுத்தாராம். மாமா உறவினர் ஒருவரிடம் எங்கள் எண்ணைக் கேட்டு வாங்கித் திரும்பத் திரும்பச் சுழற்றினார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. சாவு வீட்டில் யார் எடுப்பார்கள் என்று எண்ணிக்கொண்டார்.

மறுநாள் காலை. அப்பா இரவு ஷிப்டு முடித்து உறங்கிக்கொண்டிருந்தார். அம்மா கொல்லையில் அரிசி களைந்துகொண்டிருந்தார். வாசலில் வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் மாமாவின் மனைவியான அத்தை. இறங்கும்போதே அழுகை.

அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தார். "அண்ணி, இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?"

அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரோ ஒரு பெண் எதிரே நிற்கிறாள் என்ற அளவில், அம்மாவின் கழுத்தையே கட்டிக்கொண்டு, "என் நாத்தனாரு போயிட்டாளே, சண்டைய மனசுல வச்சிக்கினே போயிட்டாளே" என்று அம்மாவுக்காக அழுதார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுகையின் வேகத்தில் தம் அண்ணனுக்குத்தான் ஏதோ நேர்ந்துவிட்டது என்று கொண்டு அவரும் வாய்விட்டு அழத் தொடங்கினார். இருவரும் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டிருந்தபோது மாமா ரோஜா மாலையைக் கையில் ஏந்தி வேனிலிருந்து இறங்கினார்.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை அண்ணனைப் பார்த்தார்.

"நீ இருக்கிறியா?" என்றார் மாமா.

"இருக்கறேனே. நீ இருக்கிறியா அண்ணா?"

மாமா கால்வாய்மேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அத்தை அம்மாவின் முகத்தைக் கைகளால் தடவித் தடவிப் பார்த்தார். நெடுநேரம் கழித்து மாமாவுக்குக் கோபம் வந்தது. "எவன் அவன் போன் பண்ணவன்?" என்று எழுந்தார்.

அந்த வேளையில் எங்கள் கணினிப் பெட்டியைக் கட்டி வைத்த மொபெட்டில் மெக்கானிக் வந்து சேர்ந்தார். கூட்டத்தையும் மாலையையும் பார்த்துத் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "அக்கா, புதுசு போடலாமா? மண்டிக்குச் சொன்னேனே, பதிலே வரலியே" என்றார்.

"மதர் போச்சுன்னு சொன்னது நீதானா?" என்றார் மாமா.

"ஆமா சார். மதர்தான் போச்சு. ஹார்டு டிஸ்க் நல்லா இருக்கற மாதிரிதான் தெரியுது. நீங்க எதுக்கு சார் அழுவறீங்க?"

சத்தம் கேட்டு எழுந்து வந்த அப்பா, நடந்ததை ஒருவாறு உணர்ந்து, மெக்கானிக்கின் பையிலிருந்த பச்சை அட்டையை வாங்கி மாமாவிடம் நீட்டினார். "இதான் மச்சான் மதர். மதர்போர்டு."

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் கருகிய வடு இருந்தது. "இதுக்குப் போயி எவன்யா அம்மான்னு பேரு வச்சான்?"

"மத்தது எல்லாம் இதும் மேலதான் சார் உக்காந்துக்கினு இருக்குது" என்றார் மெக்கானிக்.

வேனில் வந்தவர்களில் ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எவராலும் அடக்க முடியவில்லை. மாலையை என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை. சாமிக்குப் போட முடியாது. வீட்டுக்குள் கொண்டுவரவும் முடியாது. வேலியில் தொங்கவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஆடு அதைத் தின்றது.

மெக்கானிக் புது அட்டையைப் பொருத்தினார். எல்லாரும் சூழ நின்றோம். பொத்தானை அழுத்தியதும் 'பீப்' என்று ஓர் ஒலி வந்தது. அது உயிர் இருப்பதற்கு அடையாளம் என்றார். ஆனால் சற்று நேரத்தில் திரை நீலமாயிற்று. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மெக்கானிக் பெருமூச்சு விட்டார்.

"புது போர்டு, பழைய சாப்ட்வேரு, ஒத்துக்கல. சி டிரைவ அழிச்சிட்டு மறுபடி ஏத்தணும். உள்ள முக்கியமானது ஏதாச்சும் இருக்குதாக்கா?"

"எங்கப்பா இருக்காரு" என்றார் அம்மா.

மாமா தலையைத் திருப்பினார். அம்மா அவரைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாதான் தணிந்த குரலில், அந்த ஒரே முறை ஓடிய நாடாவைப் பற்றிச் சொன்னார்.

"ரெண்டு வருஷமா இதச் சொல்லலியே" என்றார் மாமா.

"கேக்கலியே நீ" என்றார் அம்மா.

குரல் இருந்தது சி-யிலா டி-யிலா என்று மெக்கானிக் வினவினார். சி என்றால் அழிந்துபோகும். டி என்றால் தப்பும். அப்பா நெற்றியைத் தேய்த்து, "டி-ன்னுதான் நெனப்பு" என்றார். அந்த நினைப்பை நம்பி, சாப்ட்வேர் ஏற்றும் குறுவட்டு உள்ளே போயிற்று. திரையில் ஒரு நீலக் கோடு எறும்பைப்போல் ஊர்ந்தது. அம்மா சுவாமி படத்தின்முன் போய் நின்றார். மாமாவும் எழுந்து சென்று அவர் அருகில் நின்றார். உலை மூட்டும் நேரம் வந்துவிடக் கூடாதே என்று நான் ஆலைகளின் தெய்வத்தை வேண்டினேன்.

கோடு முடிந்தது. பெட்டி மீண்டும் விழித்தது. அப்பா டி-யைத் திறந்தார்.

முதலில் ஓர் இருமல். பிறகு தொண்டையைச் செருமும் ஒலி. பிறகு, நான் ஒருநாளும் காணாத அந்தப் பெரியவர் பாடத் தொடங்கினார். கூரை உயர்ந்ததுபோல் இருந்தது. பாதியில் பாட்டை நிறுத்தி, "சன்னல சாத்துப்பா, சாரல் அடிக்குது" என்றார். ஓர் இளைஞனின் குரல், "இதோப்பா" என்றது. அந்த இளைஞன் மாமா. நரை ஏறிய மாமா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தம் இளங்குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவர் தோளைத் தொட்டார். தந்தையின் குரலைக் கேட்டு எப்போதும் அழும் அம்மா, அன்று அழவில்லை.

சாப்பிட்டுப் புறப்படும்போது வேன் இருக்கைக்கு அடியில் மாமா ஒரு துணிப்பையைக் காலால் உள்ளே தள்ளினார். அம்மா பார்த்துவிட்டார்.

"அது இன்னா?"

"ஒண்ணுமில்ல."

"எனக்கு வாங்கனதுதானே? குடு."

"வேணாம்மா, நல்லதுக்கில்ல அது" என்றார் அத்தை. அம்மா கையை நீட்டியபடியே நின்றார். மாமா கொடுத்தார்.

அரக்கு நிறப் பட்டு. அகலமான சரிகை. விடியுமுன் கடைக்காரரை வீட்டுக்கே போய் எழுப்பி, இருப்பதில் உயர்ந்ததைக் கேட்டு வாங்கியது என்று அத்தை பின்னாளில் சொன்னார். அம்மா அதை மடியில் விரித்து, சரிகையில் விரலை ஓட்டிக்கொண்டு, அந்தப் பிற்பகல் முழுதும் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அழுதார். பாட்டுக்கு அழாதவர் புடவைக்கு ஏன் அழுகிறார் என்று நான் திகைத்தேன். புதுப் புடவை கிடைத்த மகிழ்ச்சி என்று முடிவு செய்துகொண்டேன். அடுத்த மாதம் கார்த்திகைத் தீபத்தன்று, தெருப் பெண்கள் தடுத்தும் கேளாமல், அதை உடுத்திக்கொண்டு விளக்கேற்றினார். அண்ணனும் அண்ணியும் அன்று வந்திருந்தார்கள்.

பிறந்த வீட்டுக் கோடியை எந்தப் பெண்ணும் கண்டதில்லை. தனக்கென்று அண்ணன் என்ன நிறம் தேர்ந்தான், எந்த முகத்தோடு கொண்டுவந்தான் என்பதை அவள் அறியுமுன்பே கண்கள் மூடிவிடுகின்றன. என் தாய்க்கு மட்டும் இறைவன் அதைக் கண்திறந்த நிலையில் காட்டினான். அவர் மடியில் வைத்து எடை பார்த்தது பட்டுப் புடவையை அன்று. இதை அறிய எனக்கு இத்தனை கார்த்திகைகள் வேண்டியிருந்தன.

இதைப் படிப்போர் அனைவரின் இல்லங்களிலும் அறுந்த பேச்சு மீண்டும் தொடங்குக. தொலைந்ததென்று எண்ணிய குரல்கள் பத்திரமாய் இருக்கக் காண்க. உங்களுக்காக எவரேனும் ஓடிவந்தால், அவர்களை எதிர்கொள்ள நீங்கள் ஈரக் கையோடு வாசலில் நிற்கும் பேறு வாய்க்குக. அண்ணாமலையின் சுடர் உங்கள் வாசலிலும் நின்று எரிக.